வெள்ளிக்கிழமை படி தாண்டாத அரிசி

1

முருகன் கிருபையால் நானும் வீட்டாரும் இங்கே சுகம். இதை வாசிக்கும் நீங்களும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, கொஞ்ச நாளாக மனம் ஒரு நிலையில் இல்லை. பெரிய படிப்புப் படித்தவன் இல்லை நான். சித்தாண்டியில் சாதாரணதரம் வரை படித்து, பிறகு வயலுக்குப் போய், பிறகு நாட்டை விட்டு வந்தவன். ஆகையால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவிஸில் ஒரு சிறிய நகரத்துக்கு வெளியே, ஆசியச் சாமான்கள் இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றின் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். வரும் சாமானை இறக்கி, பார்த்து, பொறுப்பெடுத்து, அடுக்கில் ஏற்றுவது என் வேலை. அந்த அடுக்குகளில் எங்கள் ஊர் அரிசியும் இருக்கிறது. என் தங்கச்சி யோகேஸ்வரி, நாங்கள் யோகம் என்று கூப்பிடுவோம், புருஷன் காலமான பிறகு எங்கள் வளவுக்குள் இருக்கும் ரைஸ் மில்லைத் தானே நடத்துகிறாள். கரடியனாறு, உன்னிச்சைப் பக்கத்து வயல் வட்டைகளில் விளையும் நெல்லை வாங்கி, குத்தி, பொதி செய்து எங்கள் கம்பெனிக்கு அனுப்புகிறாள். ஊர்ப் பெண்கள் சிலர் புடைக்கவும் பொதி கட்டவும் அவளிடம் வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பும் இந்த அரிசியால்தான் எரிகிறது.

ஒரு திங்கட்கிழமை காலை, வரப்போகும் சாமான்களின் விபரத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு நின்றேன். யோகத்தின் மில்லுக்கு நேரே சிவப்பு நிறத்தில் ஒரு சொல் நின்றது. கெஷ்பெர்ட். அடைபட்டது என்று அர்த்தம். அந்த ஜெர்மன் சொல்லை நான் முதன்முதல் கண்டது, இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ரயில் நிலையத்துக் கழிப்பறைக் கதவில். அவசரத்துக்குப் போய், வாசிக்கத் தெரியாமல் கதவை இழுத்துக்கொண்டே நின்றேன். பின்னால் வந்த கிழவி ஒருத்தி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இப்போது அதே சொல் என் தங்கச்சியின் பெயரில்.

யார் அடைத்தது என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன்.

"யாரும் இல்லை. சிஸ்டம் தானாகவே அடைத்திருக்கிறது" என்றார்.

யாரும் அடைக்காத கதவை யாரிடம் போய்த் தட்டுவது?

2

இந்தச் சிஸ்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் எங்கள் கம்பெனியில் வாங்குகிறவர் ஒரு பக்கம் எழுதுவார், களஞ்சியத்தில் நாங்கள் ஒரு பக்கம் எழுதுவோம், கணக்குப் பகுதியில் வேறாக எழுதுவார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இப்போது வாங்குவது, வைப்பது, விற்பது, சம்பளம், கணக்கு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஈ.ஆர்.பி. என்கிறார்கள். அது எங்கள் கட்டடத்துக்குள்ளும் இல்லை. கிளவுட் என்று எங்கேயோ ஒரு பெரிய கணினிக் கூடத்தில் ஓடுகிறது. இன்டர்நெட் உள்ள எந்த இடத்தில் இருந்தும் அதற்குள் போகலாம். சாமான் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். சித்தாண்டியில் யோகம் போனில் ஒரு பொத்தானை அமத்தினால், அந்தக் கணமே இங்கே என் கண்ணுக்குத் தெரியும்.

தொடக்கத்தில் இதைச் சொன்னபோது அவளுக்கு ஒரே சிரிப்பு.

"கிளவுட் எண்டா முகில்தானே அண்ணன்?"

"ஓம்."

"நல்ல கதை. இஞ்ச முகில் கறுத்தா, காயப்போட்ட நெல்ல அள்ளிக்கிட்டு ஓடுறம். அங்க என்னண்டா, என்ட அரிசியக் கொண்டுபோய் முகிலுக்குள்ளயே வெச்சிருக்காங்க!"

அந்த வாசலில் அவளைப் பதிவு செய்து முடிப்பதற்குள் எங்கள் இருவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. தெருப் பெயர் கேட்டது, எழுதினோம். வீட்டு இலக்கம் கேட்டது. எங்கள் வளவுக்கு இலக்கம் ஏது? கோயிலடியில் வந்து எங்கள் அப்பா சாமித்தம்பியின் மில் எது என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் காட்டும். ஆனால் இலக்கம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடவே மாட்டேன் என்றது. யோகம் கிராம சேவகரிடம் போய்க் கடிதம் வாங்கினாள். அதை நான் இங்கே மொழிபெயர்ப்பித்து அனுப்பினேன். முத்திரை தெளிவில்லை என்று திருப்பினார்கள். மறுபடி வாங்கினாள். இப்படி ஒரு போகம் விளைந்து அறுவடையாகும் காலம் போன பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது குடும்பப் பெயர். எங்களுக்குத் தகப்பன் பெயர்தானே முன்னால் நிற்கும். அதையே போட்டோம். அன்றிலிருந்து, "மதிப்புக்குரிய திரு. சாமித்தம்பி" என்று சிஸ்டம் அவளுக்குக் கடிதம் அனுப்பத் தொடங்கியது. எங்கள் அப்பா இறந்து எவ்வளவோ காலம்.

"பாருங்க அண்ணன், அப்பா செத்தும் மில்ல விடுறாரில்ல" என்றாள்.

இந்தச் சிஸ்டத்தை எங்கள் கம்பெனிக்குப் பொருத்திக் கொடுத்த நிறுவனத்தில்தான் என் மகள் ஆரணி வேலை செய்கிறாள். இங்கே பிறந்து இங்கே படித்தவள். எங்களைப் பழக்க வந்தவர்களில் அவளும் ஒருத்தி. அன்றைக்கு நான் தோய்த்து மினுக்கிய சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அவள் எல்லோருக்கும் முன்னால், "திரு. சாமித்தம்பி, ஸ்கேனரைக் கொஞ்சம் நேராகப் பிடியுங்கள்" என்றாள். என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கேயன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நெஞ்சுக்குள் எதுவோ குத்தவும் செய்தது. வேலை முடிந்து காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான், "அப்பா, பசிக்குதா?" என்று கேட்டாள்.

3

சிவப்புச் சொல்லைக் கண்ட அன்று சாப்பாட்டு இடைவேளையில் யோகத்துக்குப் போன் எடுத்தேன்.

"என்ன செய்தாய் நீ?"

"நான் ஒண்டும் செய்யல்லையே. வழமையா அமத்துற மாதிரி, வியாழக்கிழம பின்னேரம் அனுப்பியாச்சு எண்டு அமத்தினன்."

"லொறி எப்ப வந்தது?"

"வெள்ளி மத்தியானம்."

"லொறி வராம எப்படியடி அனுப்பியாச்சு எண்டு அமத்தினாய்?"

"அரிசி படி தாண்டிட்டுதே அண்ணன்" என்றாள், இது என்ன கேள்வி என்பதுபோல.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாசிக்கிற உங்களில் பலருக்கும் விளங்கும். விளங்காத இளம்பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மகாலட்சுமியின் நாள். அன்றைக்கு அரிசி, உப்பு, காசு மூன்றும் வீட்டுப்படி தாண்டி வெளியே போகக்கூடாது. எங்கள் குடும்பத்தில் மில்லுக்கும் அதுதான் சட்டம். வெள்ளியில் மில் ஓடும், நெல் குற்றும், புடைப்பார்கள், பொதி கட்டுவார்கள். ஒரு சுண்டு அளவு அரிசி கூட வெளியே போகாது.

அப்பாவின் காலத்தில் ஏறாவூரில் இருந்து மஜீத் காக்கா என்ற முஸ்லிம் வியாபாரி அரிசி எடுக்க வருவார். ஒருமுறை மழையில் வண்டி புதைந்து, வியாழன் வர வேண்டியவர் வெள்ளி காலையில் வந்து நின்றார். அப்பா பாயை விரித்து, "இருங்க, சாப்பிடுங்க, இரவைக்குப் படுங்க, அரிசி நாளைக்கு" என்றார். காக்கா ஒரு முகமும் சுளிக்கவில்லை. "அது சரி சாமித்தம்பி, எனக்கும் ஜும்ஆ தொழுகை இருக்கு. நான் என்ட ஆண்டவனப் பாத்திட்டு வாறன், நீங்க உங்கட லட்சுமியப் பாருங்க. யாவாரத்த நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அந்தப் பேச்சில் ஒரு தாமதமும் பதியப்படவில்லை. யாரும் யாரையும் அடைக்கவில்லை.

இப்போது கொழும்பில் இருந்து லொறி எந்த நாள் வர வேண்டும் என்பதையும் சிஸ்டமே தீர்மானிக்கிறது. போக்குவரத்துச் செலவைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, கிழக்குப் பக்கத்துக்கு வெள்ளிக்கிழமை என்று வைத்துவிட்டது. யோகம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். வியாழன் பின்னேரமே மூடைகளை மில்லின் படியைத் தாண்ட வைத்து, முற்றத்துத் திறந்த கொட்டிலில் தறப்பாள் போட்டு மூடி, கற்பூரம் கொளுத்திவிட்டு, பொத்தானை அமத்தினாள். அவளைப் பொறுத்தவரை அரிசி போய்விட்டது. லொறி வருவது லொறியின் பாடு.

ஆனால் லொறிக்காரனின் கையிலும் ஒரு போன் இருக்கிறது. அவன் மூடை ஏற்றும் நேரமும் அதே கிளவுட்டுக்குள் போகிறது. யோகம் வியாழன் என்கிறாள், அவன் வெள்ளி என்கிறான். இப்படித் தொடர்ந்து பொருந்தாமல் வந்ததும், இந்த மில் சொல்வதை நம்ப ஏலாது என்று சிஸ்டம் கதவைச் சாத்திவிட்டது.

4

ஞாயிறு மத்தியானம் ஆரணி சாப்பிட வந்தாள். அவள் வேறு நகரத்தில் தனியாக இருக்கிறாள். முன்பு வெள்ளிக்கிழமைகளில் வருவாள், மூன்று பேரும் கோயிலுக்குப் போவோம். இப்போது நினைத்தால் ஒரு ஞாயிறு வருகிறாள்.

"மகள், மாமிட விசயம் பார்த்தியா?" என்று கேட்டேன். யோகம் அவளுக்கு மாமி.

"பார்த்தன்."

"திறந்துவிடன்."

கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏலாது அப்பா."

"ஏலாதோ, தெரியாதோ?"

"தெரியும். ஒரு கிளிக். அதாலதான் தொடமாட்டன். உங்கட பேர் சாமித்தம்பி, என்ட பேர் சாமித்தம்பி, மாமிட பேரும் சாமித்தம்பி. அது என்ட சொந்த மாமி, அந்த மில்லில நான் கை வைக்கமாட்டன் எண்டு முதல் நாளே ஒஃபிஸில சொல்லிட்டன்."

"சொந்த மாமி எண்டதாலதானே கேக்கிறன்!"

"சொந்த மாமி எண்டதாலதான் ஏலாது."

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "போன முறை ஊருக்குப் போன நேரம் உனக்குக் காய்ச்சலெண்டு மூண்டு நாள் நித்திரையில்லாமக் கிடந்தவ அவ. மறந்திட்டியா?"

"மறக்கேல்ல அம்மா." தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்பா, ஒண்டு சொல்லுங்க. வியாழன் பின்னேரம் தொடக்கம் வெள்ளி மத்தியானம் வரைக்கும் அந்த அரிசி எங்க இருந்தது? சிஸ்டத்தில அது ரோட்டில ஓடுது. உண்மையில முத்தத்தில கிடக்கு. மழை பெஞ்சா? எலி வந்தா? அதைச் சாப்பிட்டு இஞ்ச ஒரு குழந்தைக்கு ஏதும் நடந்தா, எங்க பிழைச்சது எண்டு தேடுற நேரம் எங்களுக்குப் பொய்தான் கிடைக்கும்."

"யோகம் பொய் சொல்லமாட்டாள்."

"மாமி பொய் சொன்னா எண்டு நான் சொல்லேல்லையே. டேட்டா பொய் எண்டுறன்."

மனிதர் பொய் சொல்லாமல் பொய் எப்படி உண்டாகும் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிகிறது. நான் கைகழுவ எழுந்துவிட்டேன். அன்று அவள் போகும்போது திருநீறு பூசிவிடவும் மறந்துபோனேன். கார் திரும்பிய பிறகு நினைவு வந்தது. சொந்தம் சொந்தத்துக்கு உதவாத நாட்டில் பிள்ளையைப் பெற்று வளர்த்துவிட்டேனே என்றுதான் அன்று முழுக்க யோசித்தேன்.

5

அடைபட்டவர் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீடியோவில் ஒரு கூட்டம். எங்கள் கொள்வனவுப் பகுதித் தலைவி ஒரு சுவிஸ் அம்மா. நல்ல மனுசி. எங்கள் சிவப்பரிசியைத் தன் வீட்டிலும் சமைக்கிறவர். அவர் கூட்டத்துக்கு முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள் சகோதரி, கவனக்குறைவாக அமத்திவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை எழுதிக்கொண்டு திறந்துவிடலாம்" என்றார்.

எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. உடனே யோகத்தைக் கூப்பிட்டேன்.

"கவனக்குறைவா அமத்திட்டன் எண்டு சொல்லு தங்கச்சி. அவ்வளவுதான். முடிஞ்சுது."

"நான் கவனமா இருந்துதானே அமத்தினன்?"

"அது தெரியும். ஒரு சொல்லுதானே."

"அண்ணன், நான் முருகன நினைச்சி, கற்பூரம் கொளுத்திப்போட்டு அமத்தினன். அதக் கவனக்குறைவெண்டு சொன்னா, மறுகா அந்தக் கற்பூரம் என்ன? அதுவும் கவனக்குறைவோ?"

அப்பா அவளுக்கு மில்லை மட்டும் விட்டுப்போகவில்லை.

கூட்டத்தில் மொழிபெயர்ப்பது என் பொறுப்பு. ஆரணியும் இருந்தாள், நான் சரியாகச் சொல்கிறேனா என்று பார்க்க மட்டும். திரையில் யோகத்தின் முகம், பின்னால் மூடைகள், தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. அவள் நெற்றி நிறையத் திருநீறு பூசி, கோயிலுக்குப் போகும் சேலை உடுத்தி இருந்தாள்.

தலைவி கேட்டார்: "அரிசி வியாழக்கிழமை போனதா, இல்லையா?"

நான் தமிழில் கேட்டேன். யோகம் சொன்னாள்: "படி தாண்டினது வியாழன். ரோட்டால போனது வெள்ளி. ரெண்டும் உண்மை எண்டு சொல்லுங்க அண்ணன்."

படி என்பதற்கு ஜெர்மன் சொல் என் வாயில் வரவில்லை. கவனக்குறைவு என்பதற்கான சொல் வந்து நாக்கு நுனியில் நின்றது. முதல் நாள் தலைவி சொல்லித் தந்த சொல். அதைச் சொன்னால் கதவு திறக்கும். யோகத்துக்குத் தெரியவும் வராது. முருகா என்று எதிரே பார்த்தேன். ஆரணி இருந்தாள். இரண்டு மொழியும் தெரிந்த என் பிள்ளை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். அறையின் கதவைத் திறந்து, கீழே கதவு நிலையின் அடிச்சட்டத்தைக் காலால் தொட்டுக் காட்டினேன். ஒரு காலை அதற்கு அப்பால் எடுத்து வைத்து, "இது வியாழன்" என்றேன். நடைவழியில் இன்னும் ஓர் அடி நடந்து, "இது வெள்ளி" என்றேன். நான் ஆடுவதைப் பார்த்து நடைவழியால் போன ஒருவர் நின்றுவிட்டார். பிறகு, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், கடவுளின் நாள், அரிசி வெளியே போகாது, தங்கச்சி பொய் சொல்லவில்லை, கவனக்குறைவும் இல்லை என்று சொன்னேன்.

தலைவி சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டார். "அப்படியானால் இனியும் வியாழனில்தான் அமத்துவாரா?"

"ஓம்" என்றாள் யோகம்.

"அப்படியானால் திறக்க முடியாதே. வெளியே ஓர் இரவு கிடந்த அரிசியையும் நான் ஏற்க முடியாது. முற்றத்தில் பாதுகாப்பான ஓர் அறை கட்டி, வியாழனே அதற்குள் வைத்தால் என்ன?"

கேட்டுச் சொன்னேன்.

"அறை எண்டா அதுக்கும் ஒரு படி இருக்குமெல்லோ அண்ணன்?"

இதை மொழிபெயர்த்தபோது ஆரணிக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, பேச அனுமதி கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை சாமான் அனுப்பும்படி எந்த சுவிஸ் வியாபாரியையும் இந்தச் சிஸ்டம் கேட்பதில்லை. மூடிய நாள் என்று ஆரம்பத்திலேயே போட்டிருக்கிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. போட்டது நான்தான். நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு மில்லுக்கும் தனி நாட்காட்டி வைக்க இடம் இருக்கிறது. முடிவு உங்களுடையது. இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்."

தலைவி வெகுநேரம் தன் கணினியில் எதையோ பார்த்தார். பிறகு, வெள்ளியை மூடிய நாளாக்கலாம் என்றார். ஆனால் வேறு நாளில் கிழக்குக்குத் தனி லொறி விட்டால், இரண்டு தடவைக்கு ஒரு தடவைதான் விட முடியும். வாங்கும் அரிசி பாதியாகும். மிச்சத்தை வேறு மில்லில் எடுப்போம். வெள்ளியிலேயே அனுப்பி முழுதும் விற்பதா, வெள்ளியை மூடிப் பாதி விற்பதா என்று உங்கள் சகோதரி சொல்லட்டும் என்றார்.

வெளியே வந்தபோது ஆரணி என் பக்கத்தில் நடந்தாள். "அப்பா, நீங்க அந்தச் சொல்லைச் சொல்லுவீங்க எண்டு நினைச்சன்" என்றாள்.

"நானும்தான்" என்றேன்.

தங்கச்சியும் மகளும் ஒரே வார்ப்பு. ஒருத்தி கற்பூரத்தை விடமாட்டாள், மற்றவள் கிளிக் பண்ணமாட்டாள். நடுவில் நான்தான் இரண்டு பக்கமும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

6

யோகம் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டாள். "பாதி போதும் அண்ணன். வெள்ளிய விடமாட்டன்." எனக்குப் பெருமையாக இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

மறுநாள் அவளிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால் திரையில் இருந்தது ஜெசிந்தா. யோகத்திடம் பொதி கட்டும் பெண்களில் மூத்தவள். மட்டக்களப்பு டவுனில் பிறந்து, சித்தாண்டியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வாவியில் வலை வீசுகிறவன். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் கத்தோலிக்கக் குடும்பம். வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணன், சுகமா இருக்கீங்களா? உங்கட தங்கச்சிக்கு நல்ல புத்தி சொல்லுங்க பாப்பம். பாதி அரிசி எண்டா பாதி வேல. பாதி வேல எண்டா எங்களில பாதிப் பேர் வீட்ட இருக்கணும். அவக்கு வெள்ளி இருக்கு. எங்களுக்குத் திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் பசிக்கும்!"

"போன இஞ்ச தா கா, ஜெசிந்தா" என்று யோகத்தின் குரல் கேட்டது.

"தாறன், பொறுங்க. அண்ணன், மூடைய நான் தூக்குறன். பொத்தான நான் அமத்துறன். எனக்கு வெள்ளியில இறைச்சிதான் ஆகாது, அதுவும் தவசு காலத்தில. அரிசி படி தாண்டினா எங்கட மாதா ஒண்டும் சொல்லமாட்டா."

"எங்கட லட்சுமி சொல்லுவா" என்றாள் யோகம்.

"லட்சுமி உங்கட வீட்டிலதானே அக்கா இருக்கா. எங்கட வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லையே. வந்தாலெல்லோ கோவிச்சிக்கொண்டு போறதுக்கு."

புடைக்கும் சுளகுகளின் சத்தம் நின்றுவிட்டது. எல்லாப் பெண்களும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். திரையில் மில்லின் கூரைத் தகடு மட்டும் தெரிந்தது. போனை எங்கேயோ வைத்துவிட்டார்கள்.

வெகுநேரம் கழித்து யோகம் அதை எடுத்தாள். கண் சிவந்திருந்தது.

"ஜெசிந்தாவிட பேரையும் அதுக்குள்ள பதியச் சொல்லுங்க அண்ணன். மில்லுத் திறப்புக் கொத்த அவளிட்டக் குடுத்திட்டன்."

"உன்ட மனசுக்கு…"

"என்ட மனசு முருகனுக்குத் தெரியும். அவளுகளிட பசி எனக்குத் தெரியும். வேற என்னத்தக் கேக்கிறீங்க?"

இனி வெள்ளியில் ஜெசிந்தாவே மூடை ஏற்றிப் பொத்தானை அமத்துவாள் என்று தலைவிக்குச் சொன்னேன். ஒத்துக்கொண்டார். ஜெசிந்தாவைப் பதிவதற்கு மறுபடி கிராம சேவகர், கடிதம், முத்திரை எல்லாம் வந்தன. அவளுக்குப் பாட்டன் முப்பாட்டன் காலத்துக் குடும்பப் பெயர் ஒன்று இருப்பதால் அந்த ஒரு பெட்டியில் மட்டும் சிக்கல் வரவில்லை. சிவப்புச் சொல் மறைந்தது.

இது சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே எங்கள் கோயிலில் மூன்று வெள்ளிக்கிழமை நெய்விளக்கு ஏற்றினேன். என் தங்கச்சி விட்டுக்கொடுத்தது தன் வீட்டு அதிர்ஷ்டத்தை என்று அவள் நம்புகிறாள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். அந்தப் பெண்களின் அடுப்பு அணையாமல் இருக்க அவள் அதைக் கொடுத்தாள். இதைப் பதிய அந்த மென்பொருளில் ஓர் இடமும் இல்லை. ஆரணியிடம் சொன்னேன். "ஓம் அப்பா, இல்லை" என்றாள். ஆனால் அடுத்த வெள்ளி பின்னேரம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கோயிலில் எங்களோடு நின்றாள்.

7

அது நடந்த பிறகு வந்த முதல் லொறி நாள். காலை ஒன்பது மணித் தேநீர் இடைவேளை. ஊரில் மத்தியானம் தாண்டியிருக்கும். மற்றவர்கள் பாணும் சீஸும் தின்றுகொண்டிருக்க, நான் திரைக்கு முன்னால் நின்றேன். சித்தாண்டி என்ற வரி பச்சையாக மாறியது. அனுப்பப்பட்டது, வெள்ளிக்கிழமை. லொறிக்காரனின் நேரமும் வந்தது. இரண்டும் ஒன்று. அமத்தியவர் பெயர் இருக்கும் இடத்தில் ஜெசிந்தா.

யோகத்துக்குப் போன் எடுத்தேன். பக்திப் பாட்டு காதைப் பிளந்தது.

"என்னடி இவ்வளவு சத்தம்?"

"நான் வீட்டுக்குள்ள இருக்கன் அண்ணன். மில்லுப் பக்கத்து யன்னலெல்லாம் சாத்திட்டன். லொறிச் சத்தம் காதில விழக்கூடாதெண்டு ரேடியோவக் கூட்டி வெச்சிருக்கன்."

மில் அவள் வீட்டில் இருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். அதற்குள் என்ன நடக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. சமுத்திரங்கள் தாண்டி நிற்கும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணன்… உங்கட கொம்பியூட்டர்ல…"

"என்ன?"

"லொறி போயிட்டோ?"

நான் வாயைத் திறந்தேன்.

"வேணாம்! சொல்லாதீங்க. இண்டைக்குச் சொல்லாதீங்க அண்ணன். நாளைக்குச் சொல்லுங்க."

"சரி" என்றேன். "மத்தியானத்துக்கு என்ன கறி?" என்று கேட்டேன்.

"கீரையும் பருப்பும். ஆக்கி வெச்சிருக்கன்." ரேடியோவின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். "தொண்டைக்குள்ள இறங்குதில்ல."